வினாடியை விழுங்காதீர்கள்: அணைச் செய்திகளின் அளவுகள் பற்றி ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு நீர்வளத்துறை அதிகாரிகளுக்கும், நாளிதழ், தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

‘மேட்டூர் அணைக்கு நீர்வரத்து 12,000 கன அடியாக அதிகரிப்பு.’ ஆடி பிறந்துவிட்டால் இந்த மாதிரி ஒரு வரி நாள் தவறாமல் வருகிறது. இதை அச்சிட்டபடியே எடுத்துக்கொண்டால் என்ன பொருள் தெரியுமா? ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். 12,000 கன அடி என்றால் சுமார் 3.4 லட்சம் லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடுகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 28 லாரி. காவிரி பெருக்கெடுத்து வந்து மேட்டூரில் 28 லாரித் தண்ணீரை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது!

நீங்கள் சொல்ல வந்தது வினாடிக்கு 12,000 கன அடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்க வந்தால் 103.68 கோடி கன அடி. நூறு கோடி கன அடிதான் ஒரு டி.எம்.சி.; அதற்குக் கொஞ்சம் மேல். ‘வினாடிக்கு’ என்ற ஒரே சொல்லைத் தலைப்பில் இடமில்லை என்று வெட்டிவிட்டீர்கள், ஒரு டி.எம்.சி. 28 லாரியாகச் சுருங்கிவிட்டது.

நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். கொள்ளளவு பாடத்தில் பிள்ளைகள் ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர் என்று படிக்கிறார்கள். கன செவ்வகத்துக்கும் உருளைக்கும் கன அளவு கண்டுபிடிக்கிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையிடம் நாளிதழைக் கொடுத்து ‘அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, சொல்’ என்றால் திணறுகிறது. பாடத்தில் இருப்பது மீட்டரும் லிட்டரும். செய்தியில் இருப்பது அடியும் டி.எம்.சி.யும். படி, மரக்கால் எல்லாம் போய் லிட்டர் வந்ததற்கு 1956-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் காரணம். இப்போதுள்ள 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் மெட்ரிக் முறையைத்தான் நாட்டின் அளவுமுறை என்கிறது. பால்காரர் அரை லிட்டர் என்றுதான் விற்க வேண்டும். காவிரியை மட்டும் அடிக்கணக்கில் அளக்கிறோம்.

டி.எம்.சி.யை ஒழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது. 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி.; 2018-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தரவேண்டியது 177.25 டி.எம்.சி. என்றது. வழக்கு அந்த அலகில் நடந்திருக்கிறது, தீர்ப்பும் அந்த அலகில்தான். டெல்டா விவசாயி அந்தக் கணக்கை உங்களையும் என்னையும்விட நன்றாகவே போடுவார். ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 23,000 ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் என்று சொன்னால் வயல் வைத்திருப்பவருக்குச் சட்டென்று பிடிபடும். நகரத்துக்காரருக்கு அதையே 2,832 கோடி லிட்டர் என்று சொல்லலாம். பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி போட்டால் போதும்.

சென்னையைப் பற்றிய செய்திகளில் குழப்பம் இன்னும் கூடுதல். ஏரி இருப்பு மில்லியன் கன அடியில். அன்றாடக் குடிநீர் விநியோகம் எம்.எல்.டி.யில், அதாவது நாளொன்றுக்கு இத்தனை மில்லியன் லிட்டர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் எம்.எல்.டி.யில். மழை மட்டும் சென்டிமீட்டரில். மத்திய நீர்வள ஆணையத்தின் அறிக்கையைத் திறந்தால் அங்கே பில்லியன் கன மீட்டர். எல்லாமே ஒரே தண்ணீர்தான். ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்க வாசகர் கால்குலேட்டரும் கையுமாக உட்கார வேண்டியிருக்கிறது. நான் உட்கார்ந்து பார்த்தேன். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அது சுமார் 10,300 கோடி லிட்டர். நகருக்கு 1,000 எம்.எல்.டி. வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வெயிலில் ஆவியாகிப் போவதைக் கழிக்காமல், 103 நாளுக்கு வரும். மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டர் முழுக்க 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் ஒன்றரை டி.எம்.சி.; சோழவரம் ஏரி நிரம்பினாலே 1.081 டி.எம்.சி.தான். இந்த இரண்டு வரியைச் செய்தியாகப் போட்டிருந்தால் ஐப்பசி மழையில் எவ்வளவை நாம் கடலுக்கு அனுப்புகிறோம் என்று வாசகரே கேட்டிருப்பார்.

அடுத்தது நீர்மட்டம். மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 60 அடி என்று செய்தி வந்ததும் ‘பாதி அணை இருக்கிறது’ என்று டீக்கடையில் ஆறுதல் பேச்சு தொடங்கிவிடும். அணையின் அடிப்பகுதி குறுகலான ஆற்றுப் பள்ளம்; மேலே போகப் போகத்தான் நீர் விரிந்து பரவுகிறது. 60 அடியில் இருப்பது சுமார் 25 டி.எம்.சி., கால்வாசிக்குக் கொஞ்சம் கூட. 100 அடியில் சுமார் 65. கடைசி இருபது அடிக்குள் மட்டும் 28 டி.எம்.சி. அடங்கியிருக்கிறது. உயரத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது வாசகரை ஏமாற்றுவதற்குச் சமம். செம்பரம்பாக்கத்துக்கோ ஒரு பட்டியலில் முழு உயரம் 24 அடி, இன்னொன்றில் 85.40 அடி. ஒன்று ஏரியின் அளவுகோலில், மற்றது கடல்மட்டத்திலிருந்து. இரண்டும் சரி. எது எதிலிருந்து என்று சொல்லாமல் விட்டால் படிப்பவருக்கு இரண்டும் தப்பு.

இதெல்லாம் கணக்கு வாத்தியாரின் குடைச்சல் என்று தோன்றினால் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. என் லாரிக் கணக்கில் அது ஒவ்வொரு வினாடிக்கும் 68 லாரி. அடையாற்றங்கரையில் குடியிருந்தவருக்கு அந்த 29,000 என்ன சொல்லியிருக்கும்? முந்தைய நாள் எண்ணைவிடப் பெரிய எண் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெள்ள எச்சரிக்கையில் கன அடிக் கணக்கு மதகைத் திறக்கும் பொறியாளருக்கு வேண்டும். கரையில் இருப்பவருக்கு வேண்டியது, எந்தப் பாலத்தில் எத்தனை அடி ஏறும், எத்தனை மணிக்கு ஏறும், எந்தத் தெருக்காரர்கள் கிளம்ப வேண்டும் என்பதுதான். கன அளவை உயரமாக மாற்றிச் சொல்வது உங்கள் துறையின் வேலை. அதை நள்ளிரவில் மக்கள் தலையில் கட்டக்கூடாது.

ஆகவே நீர்வளத்துறைக்கு என் வேண்டுகோள்: அன்றாட அறிக்கையில் ஒவ்வோர் அணைக்கும் நீர்மட்டத்தோடு இருப்பு, முழுக் கொள்ளளவில் அது எத்தனை விழுக்காடு, கோடி லிட்டரில் எவ்வளவு என்ற மூன்றையும் ஒரே வரிசையில் கொடுங்கள். அறிக்கையிலேயே இருந்தால் செய்தியாளர் அப்படியே எடுத்துப் போடுவார். வண்டல் படியப் படிய அணையின் கொள்ளளவு குறையும் என்பதால், அந்த முழுக் கொள்ளளவு எந்த ஆண்டில் அளந்தது என்பதையும் அடிக்குறிப்பாகச் சேருங்கள். மேட்டூர் 1934-இல் திறக்கப்பட்ட அணை.

ஆசிரியர்களுக்கு: கன அடி வந்தால் ‘வினாடிக்கு’ போடாமல் பக்கத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள். தலைப்பில் இடமில்லையென்றால் ‘அதிகரிப்பு’ என்பதை ‘உயர்வு’ ஆக்குங்கள், இடம் கிடைக்கும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்புச் செய்தியிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்