வயலில் எழும் குமிழ்கள்

ஆசிரியருக்கு,

கார்பன் சமநிலை, அதாவது பூமியைச் சூடேற்றும் வாயுக்களை வெளியிடும் அளவுக்கு ஈடாக அகற்றுவது பற்றிய விவாதத்தில் ஒரு தரப்பு விவசாயத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இன்னொரு தரப்பு அதைத் தொடவே கூடாது என்கிறது. இரண்டுமே சரியில்லை. நீர் தேங்கிய நெல்வயலில் கால் வைத்துப் பாருங்கள், சேற்றிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பும். அதில் இருப்பது மீத்தேன் வாயு. சுமார் 12 ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஆனால் இருக்கும்வரை கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேற்றும். வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் இது நன்றாகக் குறையும், தண்ணீரும் மிச்சம். ஆனால் மடை திறக்கும் நேரம் உழவர் கையில் இருந்தால்தானே அது நடக்கும்? டென்மார்க் 2024-ல் கால்நடைகள் வெளியிடும் மீத்தேனுக்கு வரி என்று முடிவெடுத்தபோது உழவர் அமைப்பையும் பேச்சுவார்த்தையில் உட்காரவைத்தது. வரியும் 2030-ல்தான் தொடங்குகிறது. கார்பன் சமநிலைக்கான இலக்கு ஆண்டை மேடையில் அறிவிப்பவர்கள் முதலில் பாசனத்துக்குப் பணம் ஒதுக்கட்டும்.