வானத்தாயின் நெற்றிப்பொட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஹைக்கூ பக்கத்து முன்குறிப்பில் "உவமையும் உருவகமும்தான் ஹைக்கூவின் உயிர்" என்று எழுதியிருக்கிறீர்கள். சான்றாக, நிலாவை வானத்தாயின் நெற்றிப்பொட்டாக்கிய மூன்று வரிகள் வேறு. தாங்கள் அறியாததல்ல, புதிதாக எழுத வரும் பிள்ளைகள் இதையே பாடமாக எடுத்துக்கொள்வார்களே என்றுதான் எழுதுகிறேன்.

ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோ 1686இல் எழுதிய தவளைக் கவிதையில் 'போல' எங்கே இருக்கிறது? பழைய குளம், தவளை குதிக்கிறது, தண்ணீரின் ஓசை. அவ்வளவுதான். தவளை என்றாலே அதன் குரலைப் பாடுவதுதான் அங்கே பழைய மரபு. பாஷோ தவளையைக் கத்தவிடாமல் தண்ணீரைப் பேசவிட்டார். முதலடியில் மஞ்சள் யமாபுகிப் பூவை வைக்கலாமே என்று சீடர் கிகாகு சொன்னாராம். பாஷோ பழைய குளமே போதும் என்று விட்டதாக இன்னொரு சீடர் ஷிகோ குறித்திருக்கிறார். குளத்தை அடுத்து 'யா' என்று ஒரு வெட்டுச்சொல் வரும். இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது அதன் வேலை. ஒப்பிட்டுப் பார்ப்பது வாசகர் பாடு. அதையும் கவிஞரே செய்து முடித்துவிட்டால் நாங்கள் எதற்கு?

உருவகமே ஆகாது என்று சொல்லவில்லை. உதிர்ந்த பூ கிளைக்குத் திரும்புகிறதே என்று பார்த்தால், வண்ணத்துப்பூச்சி. பாஷோவுக்கு நூறாண்டுக்கு மேல் முந்திய மொரிடாக்கேயின் பெயரில் வழங்கும் பாட்டு இது. அங்கே பூ வெறும் கண்மயக்கம். கடைசியில் பூச்சி பூச்சியாகவே நிற்கிறது. உங்கள் வானத்தாயோ கடைசிவரை தாயாகவே இருக்கிறாள், நிலாவைத்தான் காணோம்.

தாயையும் பொட்டையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்:

மின்வெட்டு
மொட்டைமாடிக்கு ஒவ்வொருவராய்
முழுநிலா

பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நிலா இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள், சொல்லாமலே வெக்கையும் இருக்கிறது. சொல்லாமல் குறிப்பால் உணர்த்தும் உள்ளுறையும் இறைச்சியும் சங்கப் பாட்டிலேயே கண்ட மொழிக்கு இதை ஜப்பானிலிருந்து ஆள் வந்தா சொல்ல வேண்டும்? வேண்டாத சொல் சேர்க்காத அந்த ஜப்பானியக் கவிதை வகையைப் பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் மெச்சி எழுதிவிட்டார்.

எழுதத் தொடங்கிய பிறகு மற்றதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வரிக்கும் 5-7-5 என்ற கணக்கு சரியில்லை என்று எழுத்தெண்ணித் திருப்பி அனுப்பினீர்கள். ஜப்பானியர் எண்ணுவது நம் எழுத்தையும் அல்ல, அசையையும் அல்ல, அவர்கள் மொழியின் ஒலியளவை. இடம் போதாதென்று மூன்று வரியை இரண்டாக மடிக்கிறீர்கள். வெட்டு விழ வேண்டிய இடமே போய்விடுகிறது. எழுதியவர் வைக்காத ஆச்சரியக்குறி கடைசி வரியில் தானாக முளைக்கிறது. மழைக் கவிதை என்றால் குடையோடு ஒரு நடிகை படம் கட்டாயம்.

வரும் இதழிலிருந்து மூன்று வரியை மூன்று வரியாகவே அச்சிட்டு, ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டால் போதும். முன்குறிப்பை என்ன செய்வது என்பது தங்கள் சித்தம்.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர்,
திருச்சி