போன மாத அரையிறுதி, க்ளிட்ச், எங்கள் முடிவு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் நம் கேமிங் கடையில் நடந்த, இரண்டு அணிகள் ஒன்றையொன்று சுட்டு ஆடும் கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியின் அரையிறுதி பற்றிக் கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. கவுன்டரில் கேட்கிறீர்கள், வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள், எதிரே டீக்கடையில் நின்றால் அங்கேயும் வந்து கேட்கிறீர்கள். ஆளுக்குப் பாதி பாதி பதில் சொல்லி, அது நாலு விதமாகச் சுற்றி வருவதைவிட, முழுதாக எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். இரண்டாம் பாதியில் ஒரு அணியின் பையன் இன்னொருவன் தலைமேல் ஏறி, சுவர் ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு விளிம்பில் போய் நின்றான். அந்த இடத்தில் நிற்க எதுவுமே இல்லை. மேப், அதாவது ஆட்டக் களம், வரைந்தவர்கள் விட்டுவிட்ட ஓட்டை அது. அங்கிருந்து எதிரணி வரும் வழி முழுக்கத் தெரிந்தது. வருகிறவர்களுக்கோ எங்கிருந்து சுடுகிறான் என்றே புரியவில்லை. ஐந்து ரவுண்டு வரிசையாகப் போயின. ஆட்டம் முடிந்த பிறகுதான் தோற்ற அணி ரீப்ளே போட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தது. அதற்குள் இறுதி ஆட்டம் தொடங்கிவிட்டது. "ரூலில் இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அப்புறம் பரிசும் கொடுத்துவிட்டோம்.

ரூலில் இல்லை என்பது உண்மைதான். சுவரில் ஒட்டியிருந்த தாளில் "ஹேக், மேக்ரோ கண்டிப்பாகத் தடை" என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. இதைவிடக் கூச்சமான இன்னொரு உண்மையும் உண்டு. அந்த விளிம்பு எங்களுக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். நம் கவுன்டர் தம்பி பிராக்டிஸில் பார்த்திருக்கிறான், சிரித்திருக்கிறான், எங்களுக்கும் காட்டியிருக்கிறான். நாங்களும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். போட்டிக்கு முன்னால் இரண்டு அணியையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

இதில் இரு பக்கமும் வலுவான வாதம் இருக்கிறது. ஜெயித்த அணி சொல்வது: "நாங்கள் எந்த சாஃப்ட்வேரும் போடவில்லை. கேம் அனுமதித்ததைத்தான் செய்தோம். எங்கள் கண்ணுக்குப் பட்டது, அவர்கள் கண்ணுக்குப் படவில்லை." தோற்ற அணிக்கு ஒரே சொல்தான்: போங்கு.

ஹேக் வேறு, க்ளிட்ச் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். சுவருக்குப் பின்னால் ஆளைக் காட்டும் சாஃப்ட்வேரை வெளியிலிருந்து கொண்டுவந்து போடுவது ஒன்று. கேமுக்குள்ளேயே இருக்கும் ஓட்டையைப் பயன்படுத்துவது இன்னொன்று. இரண்டாவதை மொத்தமாகத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. நீங்கள் ரசித்து ஆடும் பல வித்தைகள் கோளாறாகப் பிறந்தவைதான். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் அடிமேல் அடியாகத் தொடர்ந்து விழுகிற காம்போ யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. காரை உடைக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்தபோது, நேரம் சரியாக விழுந்தால் நடுவில் கூடுதல் அடி சேர்வதைத் தயாரிப்பாளர் கவனித்தார். வேண்டுமென்றே செய்வது கடினம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள். இன்று காம்போ இல்லாத சண்டை கேமைக் கற்பனை செய்ய முடியுமா? 1998-இல் வந்த ஸ்டார்சீஜ் ட்ரைப்ஸ் கேமில் சரிவுகளில் வழுக்கிக்கொண்டே வேகம் பிடிப்பதும் அப்படித்தான். கோளாறாக வந்தது, பிறகு அந்தத் தொடரின் அடையாளமே அதுவாகிவிட்டது.

அப்படியானால் எதை விடுவது, எதைத் தடுப்பது? இதற்கு நேரடியான ஒரு பழைய வழக்கு இருக்கிறது. நம் அரையிறுதி அதன் சின்ன நகல் என்றே சொல்லலாம்.

2014 நவம்பர், ஸ்வீடனின் யோன்சோப்பிங் நகரில் ட்ரீம்ஹேக் விண்டர் என்ற பெரிய கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டி. மொத்தப் பரிசு 2,50,000 டாலர். காலிறுதியில் ஸ்வீடனின் ஃபெனாட்டிக் அணியும் பிரான்சின் எல்டிஎல்சி அணியும் மோதின. ஆளுக்கொரு மேப் ஜெயித்து, மூன்றாவதாக ஓவர்பாஸ் என்ற மேப். முதல் பாதி முடிவில் எல்டிஎல்சி 12-3 என்று முன்னால். அந்த நிலையிலிருந்து மீள்வது அபூர்வம். இரண்டாம் பாதியில் ஃபெனாட்டிக் மூன்று பேரை ஒருவர்மேல் ஒருவர் ஏற்றி, மேலே இருந்தவரைக் கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் நிறுத்தியது. அங்கிருந்து மேப்பின் பெரும்பகுதி தெரிந்தது. இரண்டாம் பாதியில் எல்டிஎல்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு ரவுண்டு. முடிவு 16-13, ஃபெனாட்டிக் வெற்றி.

புகார் போனது. இல்லாத விளிம்பில் நிற்பதற்குப் போட்டி விதியிலேயே தடை இருந்தது. ஃபெனாட்டிக் சும்மா இருக்கவில்லை. எல்டிஎல்சியும் முதல் பாதியில் இப்படி ஒரு இடத்தைப் பயன்படுத்தியது என்று எதிர்ப்புகார் கொடுத்தது. கடைசியில் அந்த மேப்பை முழுதாக மறுபடி ஆடுங்கள் என்றார்கள். ஃபெனாட்டிக் ஆடாமலே விலகிக்கொண்டது. எல்டிஎல்சி அப்படியே போய்க் கோப்பையையும் வாங்கியது. கேமை உருவாக்கிய வால்வ் நிறுவனம் ஓவர்பாஸில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது.

உலகத்தின் மிகச் சிறந்த அணி, அவ்வளவு பணம், அத்தனை நடுவர்கள். அங்கேயே இந்தக் கதை. எங்கள் தாளில் ஒரு வரி மட்டும் இருந்ததற்கு இது சமாதானம் ஆகாது, இருந்தாலும் கொஞ்சம் ஆறுதல்.

இனி எங்கள் கருத்து. ஒரு வித்தையைப் பார்த்ததும் நாங்கள் கேட்க நினைக்கும் கேள்வி ஒன்றுதான்: எதிரே இருப்பவருக்கு அது தெரிந்தால், அவரிடம் அதற்குப் பதில் இருக்கிறதா? கேம் கம்பெனி அப்படி நினைத்து வைத்ததா இல்லையா என்பது நமக்கு இரண்டாம்பட்சம். காம்போவுக்குப் பதில் இருக்கிறது: தடுக்கலாம், விலகலாம், அவன் தப்பு செய்யும்வரை காத்திருக்கலாம். தெரியாத விளிம்பில் நின்று சுடுகிறவனுக்குப் பெரும்பாலும் பதில் இல்லை. அதற்கு ஒரே மருந்து, நீயும் எங்கேயாவது ஓட்டை தேடிப் போவது. அப்புறம் அந்த மேட்ச் கவுன்டர் ஸ்ட்ரைக்காக இருக்காது, ஓட்டை தேடும் போட்டியாகிவிடும்.

இதைச் சொன்னதும் ஒரு தம்பி டக்கென்று கேட்டார்: "அஸ்வின் பட்லரை ரன் அவுட் செய்தது சரி என்றீர்களே அண்ணே, இது மட்டும் எப்படித் தப்பு?" நல்ல கேள்வி. அது 2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். பந்து வீசுவதற்கு முன்பே பவுலர் முனையில் கிரீஸை விட்டு நகர்ந்த பட்லரை அஸ்வின் அவுட்டாக்கினார். பாதி நாடு திட்டியது. எங்கள் கடையில் அன்று ஒருவரும் கேம் ஆடவில்லை, விவாதம்தான். ஆனால் அந்த விதி புத்தகத்தில் எப்போதும் இருந்தது, எல்லாருக்கும் தெரியும். பேட்ஸ்மேனிடம் அதற்குப் பதிலும் இருந்தது: கிரீஸுக்குள் நிற்பது. அவ்வளவுதான். 2022 அக்டோபரிலிருந்து கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசியும் அதை "நியாயமற்ற ஆட்டம்" பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பகுதியில் வைத்துவிட்டது.

இதோடு 1981 பிப்ரவரி 1, மெல்போர்னை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு டை ஆக ஆறு ரன் தேவை. ஆஸ்திரேலிய கேப்டன், அண்ணன் கிரெக் சாப்பல் சொல்ல, தம்பி ட்ரெவர் சாப்பல் பந்தைத் தரையில் உருட்டிவிட்டார். அன்றைய விதிப்படி அதுவும் செல்லும். ஆனால் உருண்டு வருகிற பந்தைச் சிக்ஸருக்கு அனுப்ப எந்த பேட்ஸ்மேனால் முடியும்? எதிரே நின்ற நியூசிலாந்து பேட்ஸ்மேன் மெக்கெக்னி தடுத்து நிறுத்திவிட்டு, கோபத்தில் பேட்டைத் தூக்கி எறிந்தார். இரண்டுமே விதிக்குள் நடந்தவைதான். ஒன்றுக்குப் பதில் இருந்தது, ஒன்றுக்கு இல்லை.

எங்கள் அளவுகோல் எல்லா இடத்திலும் பளிச்சென்று வேலை செய்யும் என்று சொல்ல மாட்டோம். டோட்டா என்ற இன்னொரு அணி கேமை ஆடுகிறவர்கள் உடனே ஃபவுன்டன் ஹூக் என்ற வித்தையைக் கொண்டுவருவார்கள் என்று தெரியும். 2013 இன்டர்நேஷனல் என்ற டோட்டா உலகப் போட்டியில் நவி அணியின் டென்டி, பட்ஜ் என்ற ஹீரோவாகக் கொக்கியை வீசிய வேகத்தில், கூட்டாளி ஆடிய சென் என்ற ஹீரோ அவரைத் தங்கள் தளத்தில் எதிரியைக் கொல்லும் ஃபவுன்டனுக்கே திருப்பி அனுப்ப, கொக்கியில் மாட்டிய எதிரணி டாங்ஃபூ வீரரும் கூடவே அங்கே போய்ச் செத்தார். அரங்கம் அலறியது. கோளாறா, திறமையா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. எங்களைக் கேட்டால், பட்ஜ், சென் இருவரில் ஒருவரை ஹீரோ தேர்விலேயே தடை செய்திருக்கலாம், ஆகவே பதில் இருந்தது, அன்றைக்கு அது செல்லும். பிறகு வால்வ் அதை நீக்கியதும் சரி. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் வாருங்கள், டீ எங்கள் செலவு.

"நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்தது" என்று சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2020-இல் கவுன்டர் ஸ்ட்ரைக் பயிற்சியாளர்கள் விவகாரம் வெடித்தது நினைவிருக்கும். சர்வரில் சேரும்போது ஏற்பட்ட ஒரு கோளாறால், பயிற்சியாளரின் கேமரா மேப்பின் ஏதோ ஒரு மூலையில் நின்றுவிடும். எதிரணி நடமாட்டத்தை அங்கிருந்து பார்க்கலாம். அந்த ஆகஸ்டில் மூன்று பேர் சிக்கினார்கள். பழைய ஆட்டப் பதிவுகளைத் தோண்டியதும், செப்டம்பரில் கேம் போட்டிகளின் நேர்மையைக் கண்காணிக்கும் இசிக் அமைப்பு 37 பயிற்சியாளர்களுக்குத் தடை விதித்தது. பலருக்கு அது தானாக வந்த கோளாறுதான். வந்தது அவர்கள் தப்பில்லை. நடுவரிடம் சொல்லாமல் உட்கார்ந்து பார்த்தது தப்பு. தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனைக் காலத்தைக் குறைத்தார்கள். ஒரு வாரம் முன்பே தெரிந்தும் வாய் திறக்காத எங்களுக்கு, இதைப் படிக்கும்போது காது சுட்டது.

கடைக்காரர் என்ற முறையில் எங்களுக்கு நெருக்கமான இன்னொன்று. கில்டு வார்ஸ் 2 என்ற ஆன்லைன் கேம் வெளிவந்த 2012 ஆகஸ்டில், கேமுக்குள் இருந்த சில வியாபாரிகள் ஆயுதங்களை மிகக் குறைந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். விலை தப்பாகப் பதிவாகியிருந்தது. தெரியாமல் ஒன்றிரண்டு வாங்கியவர்களைப் பற்றிப் பேச்சில்லை. தெரிந்தே அள்ளிக் குவித்தவர்களை கம்பெனி நிரந்தரமாகத் தடை செய்தது. பொருளை அழித்துவிடுகிறேன் என்று எழுதிக் கேட்டவர்களைத் திரும்பச் சேர்த்தது. நம் கடையில் ஐந்நூறுக்குப் பதில் ஆயிரத்துக்கு மீதி கொடுத்துவிட்டால் எத்தனையோ பேர் வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்து கொடுத்திருக்கிறீர்கள். அதே ஆட்கள்தான் கேமுக்குள் போனதும் "கம்பெனி தப்பு, நமக்கென்ன" என்கிறீர்கள். ஏன் என்று எங்களுக்குப் புரிந்ததே இல்லை.

சிஸ்டம் வருவதற்கு முன்னால் இதே இடத்தில் நாங்கள் கேரம் போர்டு வைத்திருந்தது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். மூன்றாவது போர்டு வடகிழக்குக் குழிப் பக்கம் லேசாகச் சாயும். வாடிக்கையாக வருகிறவர்கள் அந்தப் பக்கம் மெதுவாகத் தட்டிவிட்டே காய் எடுப்பார்கள். தங்களுக்குள் ஆடும்போது அதில் ஒரு தப்பும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்த சாய்வு. வெளியூர்க்காரர் ஒருவர் பணம் கட்டி ஆடி மொத்தமாகத் தோற்றுவிட்டுப் போனபோதுதான், போர்டின் காலுக்கு அட்டை வைக்க வேண்டும் என்று எங்களுக்கு உறைத்தது.

சரி, முடிவுக்கு வருகிறோம். கொடுத்த பரிசைத் திரும்பக் கேட்க மாட்டோம். தடை என்று நாங்கள் எழுதி வைக்காததைச் செய்ததற்காக அந்த அணியைத் தண்டிக்க எங்களுக்கு உரிமையில்லை. அவர்களை யாரும் கடையில் வைத்துக் கிண்டல் செய்யவும் வேண்டாம். தோற்ற அணிக்கு என்ட்ரி ஃபீஸை முழுதாகத் திருப்பித் தருகிறோம், அடுத்த போட்டியில் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறோம். இது எங்கள் பாக்கெட்டிலிருந்து போகிறது. அதுதான் நியாயம்.

இனிமேல் போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலைவரை, உங்களுக்குத் தெரிந்த க்ளிட்ச் எதுவானாலும் கவுன்டரில் வந்து சொல்லலாம். முதலில் சொல்பவருக்கு இரண்டு மணி நேரம் இலவசம். எது செல்லும், எது செல்லாது என்று நாங்கள் எழுதி, ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணிக்கும் வாசித்துக் காட்டுவோம். தெரு கிரிக்கெட்டில் "எதிர்வீட்டு மாடியில் விழுந்தால் அவுட்" என்று டாஸுக்கு முன்பே சொல்லிக்கொள்வோமே, அதே மாதிரி. பட்டியலில் இல்லாத ஒன்று நடு ஆட்டத்தில் வந்தால், கையைத் தூக்குங்கள். ரவுண்டை நிறுத்தி அங்கேயே தீர்ப்பு சொல்வோம், அந்த ரவுண்டை மட்டும் மறுபடி ஆடலாம். கையைத் தூக்காமல் தொடர்ந்து பயன்படுத்தியது ரீப்ளேயில் தெரிந்தால், அந்த ரவுண்டுகள் எதிரணிக்குப் போகும். ஆட்டம் முடிந்து அரை மணி நேரம்வரை புகார் தரலாம். அதுவரை அடுத்த ஆட்டம் தொடங்காது, பரிசும் கைமாறாது.

இதெல்லாம் பணம் கட்டி ஆடும் போட்டிகளுக்கு மட்டும். சாதாரண நாட்களில் நண்பர்களோடு வந்து சுவருக்குள் நுழைவதும் கூரைமேல் நடப்பதும் உங்கள் இஷ்டம். அந்தக் கூத்துக்குத்தானே பாதிப் பேர் வருகிறீர்கள்.

அடுத்த போட்டி வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணி. பெயர் கொடுக்கும்போதே புதிய விதித் தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏழாம் சிஸ்டத்தின் ஹெட்செட்டில் இடது காதுக்குக் காலடிச் சத்தம் வரவில்லை என்று மூன்று பேர் சொல்லியிருந்தீர்கள். புது ஹெட்செட்டுக்குச் சொல்லியிருக்கிறோம். வந்து சேரும்வரை போட்டியில் யாரையும் அங்கே உட்கார வைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் கேமிங் சென்டர்க்காரர்கள்