தாத்தாவின் பதினோரு கேள்விகள்

டர்ஹாம், இங்கிலாந்து
நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள தாத்தாவுக்கு,

பேத்தி எழுதுவது. இங்கு நலம். நீங்களும் ஆச்சியும் நலமா? அக்டோபர் 21 தேதியிட்ட உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. தீபாவளிக்கும் நான் எழுதவில்லை. போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. தப்பு என் மேல்தான். சித்தி மக அடுத்த செப்டம்பரில் இங்கே வரப்போகிறாள் என்று நம்பர் போட்டுப் பதினோரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வாத்தியார் புத்தி எங்கே போகும்! பதில் வரிசையாக வராது. சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம்.

முதலில் இந்த "காலேஜ்" குழப்பம். பாளையங்கோட்டையில் காலேஜ் என்றால் பாடம் நடக்கிற இடம். இங்கே காலேஜில் பாடமே கிடையாது. 1832இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்று, அதற்குள் 17 காலேஜ். ஒவ்வொன்றும் நம்மூர் வளவு மாதிரி: தங்க அறை, சாப்பாட்டுக் கூடம், நூலகம், வாசலில் கடிதமும் பார்சலும் வாங்கி வைக்க ஒரு போர்ட்டர். வகுப்புக்குத் துறைக் கட்டடத்துக்கு நடக்க வேண்டும். அதனால் எந்தக் காலேஜ் பெரிசு என்று சித்தி அலைய வேண்டாம். சாப்பாடு போடுகிற காலேஜா, நாமே பொங்குகிற காலேஜா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பொங்குகிற இடத்தில் வாடகை குறைவு. நம்ம பிள்ளைகளுக்கு அதுதான் சரி.

சாப்பாடு போடுகிற இடம் கிடைத்தால் சைவப் பிள்ளை சில பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு வரட்டும். கிரேவி என்றால் நம்ம குழம்பு இல்லை, பெரும்பாலும் இறைச்சிச் சாறு. பிளாக் புட்டிங் பன்றி ரத்தத்தில் செய்வது. யார்க்‌ஷயர் புட்டிங்கில் இனிப்பே இல்லை, மாவும் முட்டையும் பாலும்தான். ஜெல்லி மிட்டாயிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சில இரவு விருந்துகளுக்குக் கறுப்பு அங்கி போட வேண்டும். மேல்மேசையில் உட்காரும் காலேஜ் பெரியவர்கள் வரும்போது எழுந்து நிற்க வேண்டும். தட்டுக்கு இருபுறமும் உள்ள கரண்டிகளை வெளியிலிருந்து உள்ளே வரிசையாக எடுத்தால் மானம் தப்பும்.

அடுப்படியில் கவனிக்க வேண்டியது கதவு. அடுப்படிக்குள் சூட்டைக் கண்டு அடிக்கிற கருவி, நடைபாதையில் புகையைக் கண்டு அடிக்கிற கருவி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வத்தல் தாளித்தால் புகை நடைபாதைக்குப் போகும், மணி அடிக்கும், கட்டடம் முழுக்க நடுராத்திரி குளிரில் வாசலில் நிற்கும். கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டு, எண்ணெய் புகையுமுன் கடுகைப் போடணும். அறையில் ஊதுபத்தியும் கூடாது, சாம்பிராணியும் கூடாது. ஆச்சியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இட்லி அரிசி சுமந்து வர வேண்டாம். "ஈஸி குக்" என்று விற்பது புழுங்கலரிசிதான். நாலுக்கு ஒன்று உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இந்தக் குளிரில் மாவு எட்டு மணி நேரத்தில் புளிக்காது, ஒரு முழு நாள் ஆகும். ஓவன் அடுப்பைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால் பொங்கும். பாத்திரத்துக்கு அடியில் தட்டு வைக்கணும், இல்லாவிட்டால் பக்கத்து அறைக்காரியிடம் பேச்சு கேட்க வேண்டிவரும்.

அவள் ஒரு தினுசு. விடியுமுன் அரை டவுசரோடு வியர் ஆற்றில் படகு வலிக்கப் போகிறாள். முட்டி நீலம் பாய்ந்து வந்து ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறாள். ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்குகிறாள். "ஆல் ரைட்?" என்று கேட்பாள், பதில் சொல்லுமுன் போய்விடுவாள். அது நலம் விசாரிப்பு இல்லை, வணக்கம். பஸ் டிரைவர் "பெட்" என்று கூப்பிட்டாலும் சித்தி மக கோபப்பட வேண்டாம். நம்ம "தாயி" மாதிரி, இந்தப் பக்கத்துப் பேச்சு.

கரண்ட்: பிளக்குக்கு மூன்று செவ்வகக் கால், உள்ளே ஃபியூஸ். நீளமான மேல் கால் நுழைந்தால்தான் மற்ற இரண்டு துளையும் திறக்கும். நம்ம இரண்டு கால் சார்ஜருக்காகப் பேனாவைக் குத்தித் திறக்கிற பிள்ளைகள் உண்டு, அது கூடவே கூடாது. அடாப்டர் ஒன்று போதும். கோட்டு திருநெல்வேலியில் வாங்க வேண்டாம். இங்கே தானமாக வந்த பொருளை விற்கிற தர்மக் கடைகளில் நல்லதாகவே கிடைக்கிறது, ஏற்கெனவே யாரோ உடுத்தியதுதான். ஈரத்துணியை ஹீட்டர் மேல் போட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், தினமும் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறக்கணும். முதல் வாரமே டாக்டரிடம் பதிய வேண்டும். விசாவோடு வருஷத்துக்கு 776 பவுண்டு அதற்காகத்தான் கட்டுகிறோம். நெய், பால்கோவா கொண்டுவர அனுமதி இல்லை. கறிவேப்பிலையைக் காயவைத்துப் பொடியாகக் கொடுத்துவிடுங்கள்.

வேலை பற்றி ஏழாவது கேள்வி. பாடம் நடக்கிற காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது, மீறினால் விசாவே போய்விடும். நான் காலேஜ் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு எடுத்து வைக்கிறேன். பணத்துக்காக இல்லை தாத்தா, பொழுது போகணும் இல்லையா. டிசம்பர் நடுவில் மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடுமாம்.

போன ஞாயிறு சொதி வைத்தேன். டின் தேங்காய்ப்பாலில் கால் பங்கை இரண்டு கப் தண்ணீரில் கரைத்தால் அது இரண்டாம் பால், அதில் காயும் சிறுபருப்பும் வேகும். மீதியை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றணும், கொதித்தால் திரிந்துவிடும். திரியவில்லை. இஞ்சித் துவையலும் அரைத்தேன். ஆனால் ஒற்றை ஆளுக்குச் சொதி வைக்கக்கூடாது தாத்தா. மறுவீட்டுப் பந்தியில் ஆச்சி சாதத்தில் குழி பறித்து ஊற்றுவாளே, அந்தக் குழியை நானே பறித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இங்கேயும் ஆறு ஊரைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஆனால் படித்துறை கிடையாது, யாரும் குளிப்பதில்லை.

பதினோராவது கேள்விக்கு வருகிறேன். ஆற்றுப்பாசன வயலை ஒத்திக்கு வைத்து எனக்கு அனுப்ப வேண்டாம். அடுத்த தவணைக்கு வழி பண்ணிவிட்டேன். எப்படி என்று கேட்கவும் வேண்டாம். பிசானப் பருவ நடவு முடிந்ததா, குத்தகைக்காரர் போன போகத்துப் பாக்கியைக் கொடுத்தாரா என்று எழுதுங்கள். பேங்க் கடனுக்குப் படிக்கும்போதே வட்டி ஏறுகிறது; முடிந்தால் அப்பா மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டட்டும். ஆச்சியின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், அந்தப் பணத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. சித்தியிடம் சொல்லுங்கள், பாஸ்போர்ட்டிலும் மார்க் ஷீட்டிலும் அவள் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்க்கட்டும். என்னுடையதில் அதைத் திருத்தவே இரண்டு மாசம் ஆனது.

அடுத்த கடிதத்தில் எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக எழுதுங்கள். உங்களுக்குக் கை நடுங்குகிறதா?

உங்கள் பேத்தி