முருகேசனுக்கு: ஆசியான் சந்தையை ஒரு பாக்கெட் மசாலாவோடு படிப்பது

அன்புள்ள முருகேசா,

நலம், நலமறிய ஆவல். அக்காவுக்கு முட்டி வலி குறைந்து படியேறுகிறார்கள் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி.

மசாலாக் கம்பெனிக்காக ஆசியான் (தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு) நாடுகளின் தொழில் சூழலை ஆராய்ந்து அறிக்கை தருகிறாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் நீ அனுப்பிய திட்டத்தை மாற்றச் சொல்வேன். 11 நாடு, 11 அத்தியாயம், ஒவ்வொன்றிலும் அரசியல், பொருளாதாரம், சமூகம், சட்டம் என்று அதே தலைப்புகள். முந்நூறு பக்கம் நிறைந்துவிடும். சரக்கை முதலில் எங்கே இறக்குவது என்று முதலாளி கேட்டால் அதில் பதில் இருக்காது. 2025 அக்டோபரில் சேர்ந்த கிழக்குத் தைமூருக்கும் இந்தோனேசியாவுக்கும் ஒரே அளவு பக்கம் ஒதுக்குவது எதற்கு?

200 கிராம் சாம்பார்ப்பொடி பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள். ஆலையிலிருந்து கடை அலமாரி வரை அதன் பின்னாலேயே போ. எந்த மேசையில் நிற்கிறது, என்ன தாள் கேட்கிறார்கள், அந்தத் தாள் யார் பெயரில் இருக்க வேண்டும், எத்தனை நாள் ஆகிறது என்று எழுதிக்கொண்டே போனால் நாடுகளின் வேறுபாடு தானாகத் தெரியும்.

முதல் மேசை சுங்க எண், அதாவது வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண். மசாலாக் கலவை 0910.91-இல் வரும். உப்பு, பருப்பு எல்லாம் சேர்த்துக் கலவையின் அடிப்படைத் தன்மையே மாறிவிட்டது என்று அதிகாரி நினைத்தால் சுவையூட்டிகளுக்கான 2103.90-க்குத் தள்ளிவிடுவார், வரியும் அதோடு மாறும். முதல் ஆறு இலக்கம்தான் உலகம் முழுக்கப் பொது. ஆசியான் நாடுகள் தங்களுக்குள் எட்டு இலக்க எண் வைத்திருக்கின்றன, நம் எட்டு இலக்கத்தை அங்கே எழுதினால் பொருந்தாது.

அடுத்தது பூர்வீகச் சான்றிதழ், சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தாள். இந்திய-ஆசியான் ஒப்பந்தத்தில் (2010 ஜனவரி முதல் அமலில் இருப்பது) சலுகை வரி வேண்டுமானால் ஏஐ படிவம் என்ற வகைச் சான்று வேண்டும். வெளிநாட்டு மூலப்பொருள் சேர்ந்திருந்தால் எஃப்ஓபி விலையில் (கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை) 35 சதவீதமாவது ஒப்பந்த நாடுகளின் பங்காக இருக்க வேண்டும். கூடவே ஆறு இலக்க அளவில் சுங்க எண்ணும் மாறியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டுகிறார்கள். கம்பெனி மிளகு எங்கே வாங்குகிறது என்று கேள். வியட்நாம் மிளகுக்கு அங்கத்திய சான்று இருந்தால் அது ஒப்பந்தச் சரக்காகவே கணக்கில் சேரும். இலங்கை மிளகு சேராது. சிங்கப்பூருக்கு மட்டும் அனுப்பினால் இந்தப் படிவமே தேவையில்லை; அங்கே உணவுக்குச் சுங்க வரி கிடையாது, 9 சதவீத ஜிஎஸ்டி மட்டும். ஆனால் சிங்கப்பூர்க் கிடங்கில் வைத்துப் பிரித்து ஜகார்த்தாவுக்கு அனுப்புவதாக இருந்தால், முதல் சான்றை அடிப்படையாக வைத்து அங்கே மறுசான்று வாங்க வேண்டும். முதல் சான்றே எடுக்காமல் அனுப்பிய சரக்குக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

இந்தோனேசியாவில்தான் நீ அதிக நேரம் செலவிட வேண்டும். சில்லறைப் பாக்கெட்டுக்கு அந்நாட்டு உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான பிபிஓஎம்-இன் எம்எல் எண் (இறக்குமதி உணவுக்கான பதிவு எண்) தேவை. அது இறக்குமதியாளர் பெயரில் பதிவாகும். அவரோடு பிணக்கு வந்து ஆளை மாற்ற நினைத்தால் பதிவை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதை விலைப் பேச்சோடு முடித்துவிடாதே. நியமனக் கடிதத்தில் காலக்கெடுவும் விலகும் நிபந்தனையும் இருக்கட்டும். இந்தோனேசிய மொழி லேபிள் சரக்கு நாட்டுக்குள் நுழையும்போதே ஒட்டியிருக்க வேண்டும். ஹலால் சான்று உள்ளூர்ப் பெரிய, நடுத்தர உணவு நிறுவனங்களுக்கு 2024 அக்டோபர் 17-இலிருந்து கட்டாயம். இறக்குமதிக்குக் கடைசிக் கெடு 2026 அக்டோபர் 17. மலேசியாவில் சாதாரண உணவுக்கு முன்பதிவு கிடையாது, சோதனை துறைமுகத்தில். தாய்லாந்தில் 13 இலக்க உணவு எண். பிலிப்பைன்ஸில் முதலில் இறக்குமதியாளருக்கு உரிமம், பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பதிவு.

அங்கேயே பொட்டலம் போடும் கூடம் வைக்கலாமா என்று முதலாளி கேட்பார். நாட்டின் சராசரிக் கூலியைக் காட்டாதே. 2024-இல் பெக்காசி நகரத்தின் குறைந்தபட்ச மாதக் கூலி சுமார் 53 லட்சம் ரூபியா. அதே ஜாவா தீவின் பஞ்சார்நெகாராவில் சுமார் 20 லட்சம்தான். கூலி மிச்சமாகும், ஆனால் பெக்காசிக்குப் பக்கத்திலேயே தஞ்சுங் பிரியோக் துறைமுகம், பஞ்சார்நெகாரா உள்நாட்டு மலைப்பகுதி. லாரி வாடகையையும் சேர்த்துக் கூட்டினால்தான் கணக்கு நிற்கும். நூறு சதவீதம் அந்நிய முதலீடு என்றால் ஒவ்வொரு தொழில் வகை எண்ணுக்கும், ஒவ்வொரு இடத்துக்கும், நிலமும் கட்டடமும் நீங்கலாக 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். ஒரு மசாலாக் கூடத்துக்கு இது கனமான தொகை.

உன் திட்டத்தில் எந்த நாட்டில் தொழில் நடத்துவது எளிது என்று வரிசைப்படுத்திய உலக வங்கியின் பழைய 'டூயிங் பிசினஸ்' தரவரிசை இருக்கிறது. எடுத்துவிடு. தரவில் முறைகேடு தெரியவந்து 2021 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். இந்தோனேசியா முழுவதற்குமாக அது பார்த்தது ஜகார்த்தா, சுரபாயா இரண்டு நகரங்களைத்தான்.

புள்ளிவிவரத்தைச் சேர்க்கும்போது கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார். இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. 1.500 என்பது ஆயிரத்து ஐந்நூறு; எக்செல் அதை ஒன்றரையாக எடுத்துக்கொள்ளும். தாய்லாந்து ஆவணத்தில் 2568 என்றிருந்தால் அது பௌத்த ஆண்டு, நம் கணக்கில் 2025. வியட்நாம் 2025 ஜூலை 1 முதல் 63 மாகாணங்களை 34 ஆக்கிவிட்டது; பழைய மாகாணத் தரவைப் புதியதோடு நேராக ஒப்பிட முடியாது. லெபரான் (இந்தோனேசியாவின் நோன்புப் பெருநாள்) ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் வரும். போன மார்ச்சையும் இந்த மார்ச்சையும் ஒப்பிட்டால், வீழ்ச்சி என்று நீ எழுதுவது பண்டிகை விடுமுறையாக இருக்கும்.

நேரில் பேசும்போது அபிப்பிராயம் கேட்காதே. "சுங்கம் எப்படி?" என்றால் எல்லாரும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். கடைசியாக வந்த கன்டெய்னர் எந்தத் தேதி இறங்கியது, எந்தத் தேதி வெளியே வந்தது, நடுவில் எதற்காக நின்றது, அதற்கு வாடகை எவ்வளவு கட்டினார்கள் என்று கேள். கிளியரிங் ஏஜென்ட், இறக்குமதியாளர், கடைக்காரர் மூவரையும் தனித்தனியாகக் கேட்டு, மூன்று தேதிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வை. எங்கே பொருந்தவில்லையோ அங்கே திரும்பிப் போய் விசாரி.

கலவையில் உப்பு, பருப்பு எத்தனை சதவீதம் என்பதையும் மிளகு எந்த நாட்டுச் சரக்கு என்பதையும் கம்பெனியிடம் கேட்டு எழுது. அது தெரிந்தால் சுங்க எண்ணை இருவருமாக உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

அன்புடன்,
சேகர்