நீ குரூப்பை விட்டுப் போன அன்று

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறாள். வயல் இந்த முறை பரவாயில்லை, இரணைமடுத் தண்ணீர் நேரத்துக்கு வந்தது, மயில்தான் கரைச்சல். சரி, அதை விடு.

நீ மூன்று கிழமையாகப் போன் எடுக்கவில்லை. எடுத்தாலும் அம்மா பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள். அதனால்தான் இந்த வயதில் ஒற்றை விரலால் வாட்ஸ்அப்பில் குத்திக்கொண்டிருக்கிறேன். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், வர எப்படியும் எட்டு மணியாகும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நைட் வேலையையே கேட்டு எடுக்கிறாய் என்று மருமகள் சொன்னாள். நித்திரை முக்கியம் தம்பி.

மாமா செத்த செய்தியை அக்கா குரூப்பில் போட்டதும் எல்லாரும் வரிசையாகக் கைகூப்பிப் போட்டார்கள். உன்னுடையதாக வந்தது நீ குரூப்பை விட்டு வெளியேறினாய் என்ற அந்த ஒரு வரி மட்டும்தான். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் எங்களுக்குச் செய்த மனுசனுக்கு ஒரு வார்த்தை எழுதக் கை வரவில்லையா, சுவிஸ் போனதும் இவனுக்கு இனசனம் தேவையில்லாமல் போய்விட்டதா என்று அம்மாவைப் பிடித்து ஏசினேன். இந்த வளவில் நிற்கிற வீடு உன் காசில் கட்டியது என்பதும் தெரியும், தெரிந்துகொண்டுதான் ஏசினேன். எட்டுச் செலவுக்கும் போனேன், முன்வரிசையில் இருந்து சாப்பிட்டேன்.

அதுக்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

முன்வளவு ஆச்சியின் பேரனைத் தெரியும்தானே, நீ கடைசியாக வந்தபோது உன்னுடைய சூட்கேசில் ஏறி இருந்தவன். இப்போது பத்து வயது, ஐந்தாம் ஆண்டு, தாய் இன்னும் குவைத்தில்தான். இரண்டு மாதமாகப் பெடியன் பாயில் மூத்திரம் பெய்கிறான், ரியூசனுக்குப் போகமாட்டேன் என்று படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பின்னேரமானால் வயிற்றுக்குத்து என்கிறான், ஆஸ்பத்திரியில் பார்த்தால் வயிற்றில் ஒன்றுமில்லை, தங்கச்சியைப் பிடித்துக் கடிக்கிறான். ஆச்சி திருநீறு போட்டு நூல் கட்டிப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் ஆச்சி, இரண்டு போடு போட்டால் சரிவரும் என்றேன். இந்த வாயால் சொன்னேன்.

வகுப்பு ரீச்சர்தான் கண்டுபிடித்தது. சின்னப் பெட்டை, இருபத்தைந்து வயது இருக்கும். இன்ரேவலில் கொப்பி அடுக்க உதவிக்கு என்று அவனைக் கூப்பிட்டு, ஏதும் மனதில் கிடந்தால் எனக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டாளாம். மூன்றாம் நாள் அவனாகச் சொன்னானாம், ரியூசனடிக் கடையில் நிற்கிற அந்த அண்ணை கூடாத ஆள் ரீச்சர் என்று. அவ்வளவுதான் சொன்னான். எங்கே தொட்டான், என்ன செய்தான் என்று அவள் குடையவில்லை. நீ சொன்னது நல்லது, நான் நம்புகிறேன், உன்னில் பிழையில்லை, ஆனால் ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ண என்னால் ஏலாது, உன்னைப் பாதுகாக்கிற ஆட்களுக்குச் சொல்லவேண்டும் என்றாளாம். பிறகு அதிபரிடம் போனாள், 1929 க்கு எடுத்தாள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் நம்பர், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், காசில்லை, தமிழிலும் கதைக்கலாம்.

ஆச்சிக்குக் காது மந்தம், கடுதாசியும் வாசிக்கத் தெரியாது. சங்கக்கடையில் கணக்கெழுதினவர்தானே, நீங்கள் கூட வாருங்கோ என்றாள். போனேன். பொலிசில் சிறுவர் பெண்கள் பிரிவுக்கு வெளியே வாங்கில் இருக்கும்போதுதான் ரீச்சர் இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். கூடாத ஆள் என்று அவள் சொன்னதும் எனக்குக் காது இரண்டும் அடைத்துவிட்டது. அவள் மேலே கதைத்துக்கொண்டே இருந்தாள், எனக்கு அவளுடைய வாய் அசைகிறது மட்டும்தான் தெரிந்தது.

கொஞ்சம் பொறு. பெடியனுடைய கதையை முடித்துவிட்டு வருகிறேன்.

அவனைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பினார்கள். நல்ல மனுசன். என்ன செய்யப்போகிறார் என்று ஒவ்வொன்றையும் பெடியனிடம் சொல்லி, அவன் ஓம் என்ற பிறகுதான் தொட்டாராம். ஆச்சியிடம் சொன்னார், உடம்பில் காயம் இல்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, அநேகமான பிள்ளைகளில் ஓர் அடையாளமும் இருக்காது என்று. நடந்து மூன்று நாளுக்குள் வந்தால் குளிப்பாட்டாமல், உடுப்பைத் தோய்க்காமல் கொண்டுவர வேண்டுமாம், தடயமும் கிடைக்கும், எச்ஐவி தொற்றாமல் மருந்தும் கொடுக்கலாமாம். நாங்கள் என்ன செய்வோம்? முதல் வேலையாகக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தலையில் தண்ணீர் ஊற்றுவோம்.

எனக்கு வயிறெரிந்த இடம் ஒன்று இருக்கிறது. நான் கண்ட அளவில் பெடியன் அதே கதையை நாலு பேருக்கு நாலு தரம் சொன்னான். ஒவ்வொரு தரமும் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிள்ளையின் முதல் விசாரணையை வீடியோவில் எடுத்து அதையே வழக்கில் சாட்சியமாக வைக்கலாம் என்று 1999 இலேயே சட்டம் வந்துவிட்டதாம். பிறகு ஒரு சட்டத்தரணிதான் சொன்னார். அன்று அங்கே கேட்டேன், கமரா இல்லை ஐயா என்றார்கள்.

அந்தச் சட்டத்தரணி இன்னொன்றும் விளங்கப்படுத்தினார். எங்கள் தண்டனைக் கோவையில் கற்பழிப்பு என்ற பிரிவு பெண்ணைப் பற்றி மட்டும்தானாம். ஆண்பிள்ளைக்கு நடந்தால் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்று 1995 இல் சேர்த்த பிரிவில் வரும். அது சின்னக் குற்றமில்லை, பிள்ளைக்குச் செய்தால் இருபது வருடம் வரை மறியல், நட்டஈடும் உண்டு. பிள்ளை இன்னார் என்று தெரிகிற மாதிரிப் பத்திரிகையில் போட்டாலும் குற்றம். கோயில் சபை ஆள் ஒருவர் பின்னேரம் வந்து, ஆம்பிளைப் பிள்ளைதானே, வயிற்றில் வாங்கப்போகிறானா, பேசித் தீர்ப்போம் என்றார். இது இணக்க சபைக்குக்கூடப் போகாத விஷயம், நீர் படலையைச் சாத்திவிட்டுப் போம் என்றேன். இந்த வயதில் எனக்கு அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. இப்போது அந்தக் கடைக்காரன் உள்ளே. சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், மேல் நீதிமன்றத்துக்கு வந்து, எல்லாம் முடிய வருடக் கணக்காகும் என்கிறார்கள். ஆச்சி இருப்பாளோ தெரியாது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு இரண்டு தரம் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். பைத்தியத்துக்கு மருந்து கொடுக்கிற இடம் என்று ஆச்சி அழுதாள். அங்கே மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. தேவைப்பட்டால் பிறகு பார்ப்போம் என்றார்கள். தாளும் கலர் பென்சிலும் கொடுத்துக் கீறவிட்டார்கள். முதல் நாள் கறுப்பு மட்டும் எடுத்தான். டொக்டர் ஆச்சியிடம் இரண்டு விஷயம்தான் சொன்னார். ஏன் முதலே சொல்லவில்லை என்று ஒருநாளும் கேட்காதேங்கோ. பாய் நனைந்தால் ஏசாமல் எடுத்துக் காயப்போடுங்கோ. மருந்தைவிட, வீட்டில் ஒரு ஆள் நம்பினதுதான் இந்தப் பிள்ளையைத் தூக்கி நிறுத்தும் என்றார்.

பாய்.

தம்பி, 1997. ஸ்கந்தபுரம். உனக்கு ஒன்பது வயது. தறப்பாள் கொட்டிலில் ஆறு பேர், மழை வந்தால் எட்டுப் பேர். நான் கணக்கெழுதின சங்கக்கடையிலேயே சவுக்காரம் இல்லாத காலம், மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில், பற்றரி கண்ணாலும் காணக்கிடையாது. அதுக்குள் மாமா எங்கேயிருந்தோ சவுக்காரக் கட்டி கொண்டுவருவார், சீனி கொண்டுவருவார், உனக்கு ஒரு புது டைனமோ லைற் கொண்டுவந்தார். எங்களுக்கு அவர் தெய்வம். உன்னைச் சைக்கிள் பாரில் வைத்து அக்கராயன் குளத்துக்குக் குளிக்கக் கூட்டிப்போவார், தன் பிள்ளை மாதிரிப் பார்க்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ரியூசனடிக் கடைக்காரன் போனில் கேம் விளையாட விட்டானாம், டேட்டா போட்டுக் கொடுத்தானாம். இருபத்தெட்டு வருடத்துக்கு முதல் அது சவுக்காரம்.

அந்த வருடம்தான் நீ பாயை நனைக்கத் தொடங்கினாய். சைக்கிள் மணி கேட்டால் கொட்டிலுக்குப் பின்னால் போய் நிற்பாய். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவன் பன்னிரண்டாம் பிள்ளையானாய். ஒருநாள் அடுப்படியில் வந்து, அப்பா, அவரோட குளத்துக்கு அனுப்பாதேங்கோ, அவர் கூடாத ஆள் என்றாய். நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். வேலியில் பூவரசங்கம்பு முறித்தேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்கிறாயா என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அடுத்த நாள் காலை, அந்த நனைந்த பாயை நீயே தூக்கிக்கொண்டு ஒழுங்கை முழுக்க நடந்து சந்தி வேலியில் போடு, ஊர் பார்க்கட்டும் என்றேன். நீ தூக்கிக்கொண்டு போனாய். பாய் உன்னைவிட உயரம். பின்னேரம் அவர் வந்தபோது, போடா என்று நான்தான் உன்னைச் சைக்கிளில் ஏற்றிவிட்டேன். என் கையால் இடுப்பில் பிடித்துத் தூக்கி ஏற்றிவிட்டேன்.

இனி அவர் என்று எழுத வரவில்லை.

நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று நீ சொல்லவும் வேண்டாம். நான் விளங்கினது பிழையென்றால் ஏசு, சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுவேன். சட்டத்தரணியிடம் பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன், கொலை மாதிரிக் குற்றம் அல்லாததுக்கு இருபது வருடம் தாண்டினால் வழக்கு வைக்க ஏலாதாம். கணக்குப் பார்த்தேன். 2017. அந்த வருடம் நீ வந்து நின்றாய், அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று நான் உன்னைக் கலைத்தேன், நீ வாசல்வரை போய்த் திரும்பி வந்தாய். அதுக்கும் ஏசினேன்.

டொக்டரிடமும் எனக்குத் தெரிந்த ஒருவர் என்று பொய் சொல்லிக் கேட்டேன், முப்பத்தேழு வயதிலும் அது உள்ளே கிடக்குமா என்று. அவர் பார்த்த பார்வையில் பிடிபட்டுவிட்டேன். கிடக்கும் என்றார். நித்திரையில்லாமல், குடியாக, காரணமில்லாத கோபமாக, சிலருக்குச் சாகலாம் போலவும் வரும் என்றார். ஆனால் இப்போது போனாலும் குணப்படுத்தலாம், கதைத்தே குணப்படுத்தலாம், பிந்திவிட்டது என்று இல்லை என்றார். அந்த நேரம் உடம்பு உறைந்துபோனாலும், உடம்பு தன்பாட்டில் என்ன செய்தாலும், அது பிள்ளையின் சம்மதமில்லை என்றும் சொன்னார். நான் கேட்காமலே அதைச் சொன்னார்.

நீ சின்னவனைக் குளிப்பாட்டமாட்டாய், கிட்டவும் போகமாட்டாய் என்று மருமகள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். அதைப் பற்றியும் கேட்டேன். பட்டவனும் அப்படி ஆகிவிடுவான் என்ற பயம் பல பேருக்கு இருக்கிறது, அநேகமான ஆட்கள் ஒருநாளும் அப்படி ஆவதில்லை என்றார். பிள்ளையைக் குளிப்பாட்டு தம்பி. சவுக்காரம் கண்ணில் படாமல் பார்.

அங்கேயும் டொக்டர்மார் இருப்பார்கள். தமிழ் ஆட்கள் வேண்டாம், கதை ஊருக்கு வந்துவிடும். ஒரு வெள்ளைக்காரனிடம் போ, ஒருவேளை அதுதான் லேசு. காசு பிரச்சினை என்றால் இந்தப் போக நெல்லை விற்று அனுப்புகிறேன், சிரிக்காதே. குடிக்காதே. நித்திரை முக்கியம், முதலும் எழுதிவிட்டேன், திரும்பவும் எழுதுகிறேன்.

அவனுடைய முப்பத்தொன்றாம் நாள் வருகிற புதன்கிழமை. கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறார்கள், மருமக்கள் வரிசையில் உன் பெயரும் போட்டு நாலாம் பக்கத்தை எனக்குப் பார்க்கத் தந்தார்கள். நேற்று பஸ் எடுத்து அச்சகத்துக்கே போய் உன் பெயரை எடுப்பித்தேன். ஏன் ஐயா என்று அச்சகப் பெடியன் கேட்டான், பிழையாக விழுந்துவிட்டது என்றேன். புதன்கிழமை நான் போகவில்லை, வயலில் வேலை என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஏசின அன்று அவள் ஏன் ஒரு வார்த்தையும் பேசாமல் எழும்பிப் போனாள் என்று இப்போது யோசிக்கிறேன், அதுக்குமேல் யோசிக்கப் பயமாக இருக்கிறது. சொல்லவா வேண்டாமா என்று நீ சொல். நீ சொல்லாமல் சொல்லமாட்டேன். அக்காவுக்கும் இல்லை.

படலை சத்தம் கேட்கிறது, அம்மா வந்துவிட்டாள். பதில் எழுத வேண்டாம், அந்த நீலக் கோடு இரண்டும் விழுந்தால் போதும், வாசித்துவிட்டாய் என்று விளங்கிக்கொள்ளுவேன்.

அப்பா