சிம்மை மட்டும் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அப்பா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பேங்க், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் என்று ஒவ்வொன்றுக்காக அலைந்தோம். அந்த வேகத்திலேயே, பேச ஆளில்லாத நம்பருக்கு எதற்கு வீணாக ரீசார்ஜ் என்று அண்ணன் அப்பாவின் சிம்மை நிறுத்தினான், போனில் இருந்ததையும் மொத்தமாக அழித்துவிட்டுத் தன் மகனிடம் கொடுத்துவிட்டான். நானும்தான் சரி என்றேன்.

அப்பா எடுத்த படமெல்லாம் கூகுளில் இருக்கும், அப்புறம் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். திறக்கப் போனால் ஓடிபி கேட்கிறது, அது போவதோ இல்லாத நம்பருக்கு! நிறுத்திய எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதியாம். கொடுத்தும் விட்டார்கள். அம்மா செல்லில் 'அவர்' என்று பதிந்திருக்கும் எண்ணின் வாட்ஸ்அப்பில் இப்போது யாரோ ஒரு பையன் பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். அழிக்கட்டுமா என்றேன். "இருக்கட்டும்டி, அந்தத் தம்பியும் நல்லா இருக்கட்டும்" என்றாள்.

ஃபேஸ்புக் கதை வேறு. அப்பாவின் பிறந்தநாளன்று விஷயம் தெரியாத பழைய சிநேகிதர்கள் 'நீடூழி வாழ்க' என்று கேக் படத்தோடு வரிசையாக வாழ்த்த, அவருடைய கடைசிப் பதிவான செம்பருத்திப் பூவைப் பார்த்துக்கொண்டு அம்மா அன்று சாப்பிடவே இல்லை. அதற்கப்புறம்தான் அந்தக் கணக்கை நினைவுப் பக்கமாக மாற்றும்படி விண்ணப்பித்தோம். இறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்றில்லை, உங்கள் பத்திரிகையில் நாங்கள் கொடுத்த கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தைப் படமெடுத்து அனுப்பினோம், அதுவே போதுமானதாக இருந்தது. இனி பிறந்தநாள் நினைவூட்டல் யாருக்கும் போகாது. ஆனால் ஒன்று, அப்படி மாற்றிவிட்டால் பாஸ்வேர்டு தெரிந்தவர்கூட உள்ளே நுழைய முடியாது.

இதையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே செய்து வைக்க வழி இருக்கிறது. ஃபேஸ்புக் செட்டிங்ஸில் 'லெகசி கான்டாக்ட்' என்று ஒருவரை நியமிக்கலாம், அவரால் நம் மெசேஜைப் படிக்க முடியாது, முகப்புப் படத்தை மாற்றலாம், கணக்கை நீக்கச் சொல்லலாம். கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' இருக்கிறது, 10 பேர் வரை குறிப்பிடலாம், நாம் குறித்த மாதங்கள் வரை கணக்கு அசையாமல் கிடந்தால் அவர்களுக்குத் தகவல் போகும். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் 14-வது பிரிவு நாமினி நியமிக்க இடம் தருகிறது. நான் ஃபேஸ்புக், கூகுள் இரண்டிலும் செய்துவிட்டேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார், சனிக்கிழமை உட்காரவைத்து அவருடையதையும் செய்தேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அஞ்சலி விளம்பரம் கொடுக்க உங்கள் கவுன்ட்டருக்கு வருகிறவர்களிடம், பணம் வாங்கி ரசீது கொடுக்கும்போது, "சிம்மை இப்போதைக்கு நிறுத்திடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி